என் நம்பரில் ஓடியவன்

ஊர் அழகைப் பார்த்துக்கொண்டே ஓடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. போன மாதம் கூட எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "அண்ணே, நீங்க முன்னாடி நல்லா ஓடுவீங்களாமே, காலையில ஓடுறதுக்கு நல்ல ரூட்டா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பொய். ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் வரை எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிழல் விழும், எந்த முனையில் நாய் துரத்தும், எந்த வளைவில் கோபுரம் முதலில் கண்ணில் படும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் ஒன்றுகூட நான் கண்டுபிடித்தது இல்லை. எல்லாம் எங்கள் வீட்டு மாடி ரூமில் குடியிருந்தவன் கண்டுபிடித்தது.

எங்கள் வீடு ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. நானும் அம்மாவும்தான். மாடியில் ஷீட் போட்டு இரண்டு ரூம் கட்டி, கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் ஒன்றில் அவன் இருந்தான். சங்கரன்கோவில் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நான் வேலை பார்க்கும் அதே கம்பெனி. நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். ஒரே கேட், ஒரே கேன்டீன், ஒரே பஸ். சட்டையின் கலர் மட்டும் வேறு. அந்தக் கலரைப் பார்த்துத்தான் செக்யூரிட்டி 'சார்' போடுவதா, 'டேய்' போடுவதா என்று முடிவு செய்வான்.

அவன் ஏன் ஓடினான் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவன் காலை நீட்டிப் படுப்பானா, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவானா? "உனக்கு இன்னா பைத்தியமா?" என்றே கேட்டேன்.

"அண்ணே, லைன்ல நான் நிக்கிற எடத்தச் சுத்தி மஞ்சப் பெயிண்டுல கட்டம் போட்டிருக்காங்கல்லா," என்றான். "எட்டு மணி நேரமும் அந்தக் கட்டத்துக்குள்ளயே நிக்கேன். வெளிய கால வச்சா சூப்பர்வைசரு கத்துதாரு. சாயந்தரமானா காலு எங்கயாவது போணும் போணும்னு கெடந்து துடிக்கிண்ணே."

அதற்கு நான் சிரித்தேன். ஆனால் ஒரு வாரம் கழித்து நானும் அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். தொப்பை வேறு விழ ஆரம்பித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் ஓடுவதற்கு என்ன இருக்கிறது? ஆறு வழிச் சாலை, கன்டெய்னர் லாரி, சுவர், அந்தச் சுவர் முடிந்தால் அடுத்த கம்பெனியின் சுவர். பெயிண்ட் ஷாப் பக்கம் போனால் தொண்டை கரகரக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இதில் பார்க்க ஒரு மண்ணும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவன் வந்து ஆறு மாதத்தில் எனக்கே என் ஊரைக் காட்டினான். வல்லக்கோட்டை முருகன் கோவில் வரை ஒரு ரூட். மெயின் ரோட்டில் போகாமல் ஏரிக்கரை மேலேயே போனால், விடிகிற நேரத்தில் தண்ணீரில் நாரை நிற்கும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரூட், ரயில்வே கேட்டில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிவிடலாம். ஸ்ரீபெரும்புதூர் கோவில் குளத்தைச் சுற்றி ஒரு ரூட். ஒவ்வொன்றையும் முதலில் தனியாக ஓடிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவான். லாரி அடிக்கிற இடமாக இருந்தால் வேண்டாம் என்று மாற்றிவிடுவான்.

அவனுக்கு உயிர் காஞ்சிபுரம்தான். வார லீவு அன்றைக்கு முதல் பஸ் பிடித்துப் போய் இறங்குவோம். நான்கு ராஜ வீதிகளையும் ஒரு சுற்று. அங்கிருந்து ஏகாம்பரநாதர் கோவில் கோபுரத்தடி, பிறகு சர்வ தீர்த்தக் குளத்தின் கரை, அதைத் தாண்டி மேற்கே கைலாசநாதர் கோவில். அவன் கணக்குப் போட்டு ஓடுவான். சூரியன் மேலே வந்து அந்தக் கோவிலின் மணற்கல் மேல் முதல் வெயில் விழும்போது நாங்கள் அங்கே நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தப்பினாலும் முகம் தொங்கிவிடும். நெசவுக்காரர் தெருவில் காலையில் பாவு போட்டிருப்பார்கள். தெரு நீளத்துக்கு நூல் இழுத்துக் கட்டியிருக்கும், அதை மிதிக்காமல் எந்தச் சந்தில் புகுந்து எந்தச் சந்தில் வெளியே வரவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரு தடவை நான் தெரியாமல் குறுக்கே போய், ஒரு அம்மா என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா! அவன் போய் அந்த அம்மாவிடம் கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். தப்பு செய்தது நான். எதற்கெடுத்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிற வீட்டில் வளர்ந்தவன் அவன்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. அப்புறம்தான் கம்பெனிக்கு அந்த யோசனை வந்தது. பாதுகாப்பு வாரத்தை ஒட்டி ஊழியர்களுக்கு ஓட்டப் பந்தயம், அதுவும் சரித்திரப் புகழ் பெற்ற நகரத்தின் வழியாக, பத்துக் கிலோமீட்டர். பேர் 'ஹெரிடேஜ் ரன்'. நான் ஓடுகிறவன் என்று ஹெச்.ஆர். அதிகாரி எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். கூப்பிட்டு, "போட்டோ நல்லா வர்ற மாதிரி ஒரு ரூட் போட்டுக் குடுங்க" என்றார். வயதில் என்னை ஒத்தவர். மரியாதையாகப் பேசுகிறவர்.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போய் அவனிடம் சொன்னேன். அவன் கண்ணைப் பார்க்க வேண்டுமே! அப்போதே ஒரு புரொடக்ஷன் ஷீட்டைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்துவிட்டான். எங்கே தண்ணீர் வைக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எல்லாம். ஓரத்தில் பெரிய எழுத்தில், 'காலை ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும், திரும்பும் வழியில் நிழல் கிடையாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டான். அந்த ஷீட்டை நான் மறுநாள் ஹெச்.ஆரிடம் கொடுத்தேன். பிரமாதம் என்று தோளில் தட்டினார். இது இன்னொருவன் போட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். தட்டு வாங்கிய தோளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும் நேரத்தை அவர்கள் ஏழு மணிக்கு மாற்றினார்கள். சிறப்பு விருந்தினர் அதற்கு முன் வர மாட்டாராம். அதோடு இன்னொரு விஷயம்: ஓட்டம் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது. அவன் கேட்டுவிட்டு, "அப்படியாண்ணே" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு இரவு சாப்பிடும்போது அம்மா, "இன்னாத்துக்குப்பா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?" என்று கேட்டதற்கு, தலைவலி என்றான்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்பெனியிலும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டிரெய்னிங் கிளாஸ் என்றால் பத்துப் பேருக்குப் பதில் நான்கு பேர் போவோம். அந்த நாலு பேர் பத்துப் பேருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். தீயணைப்புப் பயிற்சி, யோகா கிளாஸ், ரத்த தான உறுதிமொழி எல்லாமே அப்படித்தான். லைன் நிற்கக் கூடாது, ஷீட்டில் பேரும் விழ வேண்டும். சூப்பர்வைசரே ஆள் பார்த்து அனுப்புவார். இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. வேலை செய்கிற முறையே அதுதான். ஓட்டத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தோம். அங்கேதான் தப்பு நடந்தது. கையெழுத்தை இன்னொருவன் போடலாம். ஓட்டத்தை உடம்பு அல்லவா ஓட வேண்டும்.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒரு டிஸ்பேட்ச் போக வேண்டும், நீ இல்லாமல் லைன் ஓடாது, காலை ஷிஃப்டுக்கு வந்துவிடு என்றார். ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேனே சார் என்றேன். "நம்பரத்தானே பாக்கப் போறாங்க, மூஞ்சியவா பாக்கப் போறாங்க? யாரையாவது வுட்டு ஓட வைய்யி. ஆனா கோட்டத் தாண்டணும். நம்ம டிபார்ட்மென்ட்டுல ஒரு நம்பர் கொறைஞ்சாலும் எனக்கு மெயில் வரும்." ஒவ்வொரு நம்பர் அட்டைக்குப் பின்னாலும் சிப் ஒன்று ஒட்டியிருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் அது பதிவாகும்.

மாடிக்குப் போய் நம்பரையும் டீ-ஷர்ட்டையும் அவனிடம் நீட்டினேன். "இந்தா, உன் ரூட்டுல நீயே ஓடு" என்றேன். பெரிய தர்மப் பிரபு மாதிரி. அவன் டீ-ஷர்ட்டை வாங்கி மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டான். "அண்ணே, மாட்டிக்கிட மாட்டோம்லா?" என்று ஒரு முறை கேட்டான். "சீ, போடா. இதுக்குப் போய் யாரு பாக்கப் போறா" என்றேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் ஷிஃப்டுக்குப் போனபோது கேட்டுக்கு வெளியே ஓட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் பஸ்சுக்குப் பக்கத்தில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதிய ஷிஃப்டுக்கு உள்ளே போனவன். இரவு மாற்றிவிட ஆள் வரவில்லை என்று அவனையே நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட்காரன் முடியாது என்று சொல்ல முடியுமா? நாலரைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். தூங்கவில்லை. ராத்திரி கேன்டீன் சாப்பாடு வேறு பிடிக்காமல் பாதியில் எழுந்துவிட்டானாம்.

"முடியலன்னா வுட்டுடுடா" என்று நான் சொன்னேனா? இல்லை. இதை எத்தனை தடவை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். சொன்னதாக நினைவை மாற்றிக்கொள்ளக்கூடப் பார்த்திருக்கிறேன். மாறவில்லை. அவன் கண் சிவந்து கிடந்தது. "கண்ணுதான் லேசா எரியுதுண்ணே. ஓட ஆரம்பிச்சா சரியாப் போயிரும்" என்றான். நான் அவன் மார்பில் என் நம்பரை வைத்து நான்கு மூலையிலும் ஊக்கு குத்தினேன். குத்திக்கொண்டே சொன்னேன்: "நடந்தாவது முடிச்சிரு. நடுவுல மட்டும் நின்னுடாத. கோட்டத் தாண்டுனாத்தான் நம்பர் வுழும்."

"நான் பாத்துக்கிடுதேண்ணே" என்று பஸ்சில் ஏறினான். ஏறும்போது யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டீ-ஷர்ட்டும் நம்பரும் இருந்தால் போதும்.

எங்கள் கம்பெனியில் செல்போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்றைக்கு லைன் நிற்காமல் ஓடியது. இரண்டு மணிக்கு முடிய வேண்டிய ஷிஃப்ட் இரண்டரைக்கு முடிந்தது. சூப்பர்வைசர் அன்று என்னைத் திட்டவே இல்லை. டீ வாங்கி வரச் சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. லாக்கரைத் திறந்து போனை எடுத்தால் அம்மாவிடமிருந்து இருபதுக்கு மேல் அழைப்பு.

எடுத்த எடுப்பில் அம்மா அழுதாள். "எங்கடா போய்த் தொலைஞ்ச? வாடா. காஞ்சிபுரத்துக்கு வா. மாடி ரூம் புள்ள போயிட்சிடா."

சூப்பர்வைசருக்கு ஒன்பது மணிக்கே தெரியும். உங்கள் ஆள் ஓட்டத்தில் விழுந்து இறந்துவிட்டார் என்று என் பேரைச் சொல்லி அவருக்குப் போன் வந்திருக்கிறது. நான் அவர் கண்ணெதிரே லைனில் நின்றுகொண்டிருக்கிறேன். யார் விழுந்திருப்பான் என்று அவருக்குப் புரியாதா? டிஸ்பேட்ச் வண்டி கிளம்பட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். பிறகு ஒரு நாள் நான் சட்டையைப் பிடித்தபோது, "சொல்லியிருந்தா நீ போயிருப்பல்ல?" என்றார். ஆமாம், போயிருப்பேன். அதற்குத்தானே சொல்ல வேண்டும்!

ஆஸ்பத்திரியில் அம்மா பிணவறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை முந்தானையால் தலையை மூடியிருந்தாள். நம்பர் அட்டையின் பின்பக்கத்தில் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் அம்மா நம்பரை எழுதியிருந்தேன். அவனுடைய ஐ.டி. கார்டும் போனும் பைக்குள் பஸ்சில் இருந்தன. அதனால் எட்டரை மணிக்கு என் அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் மகன் விழுந்துவிட்டார், உடனே வாருங்கள் என்றிருக்கிறார்கள். நான் ஓடப் போகாமல் ஷிஃப்டுக்குப் போனது அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் அலறிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்ததும் துணியை விலக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

"நான் கும்புட்டேன்டா," என்றாள் அம்மா. "துணிய எடுத்தாங்க. என் புள்ள மூஞ்சி இல்ல. முருகா, என் புள்ள இல்ல, என் புள்ள இல்லன்னு ரெண்டு கையையும் தூக்கிக் கும்புட்டேன்டா. சிரிச்சிட்டேன்டா நானு. அப்பறம்தான் யாருன்னு பாத்தேன். நேத்து என் கையால சோறு போட்ட புள்ள. அத்த வச்சிக்கினு சிரிச்சேனே, பாவி!" தன் கையையே தரையில் அடித்துக்கொண்டாள். என்னால் அவள் கையைப் பிடிக்க முடியவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். தூக்கம் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை, வெயில். வேறு சில கேள்விகளும் கேட்டார். எனக்குத் தெரிந்த பதில் எதையும் நான் சொல்லவில்லை.

எங்கள் டிபார்ட்மென்ட் ஆள் ஒருவர் அவன் கூடவே ஓடியிருக்கிறார். அவர்தான் என்னை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார். கைலாசநாதர் கோவில் வரை நன்றாகத்தான் வந்திருக்கிறான். அங்கே நின்று கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயில் ஏறிவிட்டதே, கலர் போயிருச்சே என்று அவரிடம் வருத்தப்பட்டிருக்கிறான். திரும்பும் வழியில் சர்வ தீர்த்தக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து, போதும் தம்பி, இங்கேயே இரு, வண்டி வரும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அவன், "இல்லண்ணே, இது இன்னொருத்தர் நம்பரு. முடிக்கலன்னா அவருக்குப் பிரச்சன" என்று எழுந்திருக்கிறான். நூறு அடிகூடப் போகவில்லை.

அவன் வீட்டுக்கு நான்தான் போன் செய்தேன். அவன் அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறவர். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. என்னால் சொல்ல முடியவில்லை. உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே கிளம்பி வாருங்கள் என்றேன். அவர், "ஏதாவது சாப்பிட்டானா தம்பி?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடைக்கு என்னைக் கூட்டிப் போனார். கையில் வெள்ளைத் தாள் இருந்தது. அவர் மிரட்டவில்லை. அவர் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

"பாருங்க, உங்க நம்பர் அவர்கிட்ட எப்படிப் போச்சுன்னு நான் ரிப்போர்ட் அனுப்பணும்," என்றார். "நீங்க குடுத்தீங்கன்னு எழுதினா அது ஆள் மாறாட்டம். உங்களை வேலையில வச்சிருக்க என்னால முடியாது. அதைவிட முக்கியம், நீங்களே குடுத்து, எங்க பஸ்ல ஏறி, எங்க ஓட்டத்துல ஓடினவர்னு ஆயிடும். நம்பரைக் காணோம், அதனாலதான் நீங்க ஓடப் போகாம ஷிஃப்டுக்கு வந்தீங்கன்னு எழுதினா விஷயம் முடிஞ்சுது. யார் எடுத்தாங்கன்னு நீங்க எழுத வேண்டாம். யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்."

எனக்குப் புரிந்தது. நான் கொடுத்தேன் என்று எழுதினால், அவன் கம்பெனி வேலையில் விடிய விடிய நின்று, கம்பெனி ஓட்டத்தில் செத்தவன். அவன் வீட்டுக்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். காணவில்லை என்று எழுதினால் அவன் யாரோ வெளியாள். அடுத்தவன் நம்பரை எடுத்துக்கொண்டு வந்து நுழைந்தவன். பச்சையாகச் சொன்னால் திருடன். என் ஒரு வரியில்தான் அது இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் வந்தேன். நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். நான் கொடுத்தது, ஊக்கு குத்தியது, நடுவில் நிற்காதே என்றது, எல்லாம். முழுக்கக் கேட்டாள். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் புள்ள போயிட்சி. நீ எழுதுனா திரும்பியா வரப் போவுது?" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "காலையில ஒரு மணி நேரம் நீ செத்துட்டேன்னு நெனச்சிக்கினு வந்தேன்டா. எனக்கு அது போதும். நீ உசுரோட கீற, வேலை கீது. அவுரு சொல்றா மாதிரி எழுதிக் குட்த்துட்டு வா."

அம்மா மேல் பழியைப் போட நான் இதை எழுதவில்லை. அவள் சொல்லாமல் இருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வரியை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு அடித்தல்கூட இல்லை. கையெழுத்துப் போட்டேன். எத்தனை ஷீட்டில் எத்தனை பேருக்காகப் போட்ட கை. அவர் தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, நீங்கள் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கள் என்றார். போகவில்லை. நானும் அம்மாவும் அங்கேயே கிடந்தோம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி வாக்கில் அவன் அப்பாவும் தாய்மாமனும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார்கள். வழியிலேயே யாரோ போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அப்பா ஒல்லியான மனிதர். தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. மகனுக்கு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள என்று ஒரு லுங்கியும் சட்டையும் மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். பிணவறைக்குள் போய்விட்டு வந்தவர் அழவில்லை. வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். ஹெச்.ஆர். அதிகாரி அவரைத் தள்ளிக் கூட்டிப் போய் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார். என்ன கேட்டாலும் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். ஏண்டா என் பிள்ளையை அனுப்பினாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், காலில் விழுந்துவிடலாம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் என் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, எம் மவன் ஒங்க நம்பரக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டாம்னு சொல்லுதாங்க," என்றார். "அப்படிப்பட்ட பய இல்ல தம்பி அவன். சின்ன வயசுலேருந்து அடுத்தவம் பொருளத் தொட மாட்டான். ஓட்டத்து மேல இருந்த ஆசையில என்னமோ புத்தி பெசகிப் போச்சு. ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு ஒங்களுக்கே இப்படிப் பண்ணிட்டான். வேலைக்கு ஏதும் பங்கம் வந்துராதுல்லா ஒங்களுக்கு? மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீய. அவனுக்காவ நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

பத்தடி தள்ளி ஹெச்.ஆர். அதிகாரி நின்றிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்பா கூப்பிய கையை இறக்காமல் நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லீங்க, வுடுங்க" என்றேன்.